கடலோரக் காவல்படையில் ஐ.ஜி. ஆக ஆசையா? முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். ஒரு நாள் சாயங்காலம் டி.வி.யில் கடலோரக் காவல்படை ஐ.ஜி. ஒருவர் சென்னையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டை. பார்த்தவன் கேட்டான்: "மாமா, இவரு போலீஸா, நேவியா? இவர மாதிரி ஆகணும்னா எங்க எழுதிப் போடணும்?"

அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் தேடிப் படித்ததையும், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற காவல்படை அதிகாரி ஒருவரிடம் (தெருவுக்கே அவர் 'சார்'தான்) கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், இரண்டும் இல்லை. பதவிப் பெயர்கள் போலீஸ் வாடை அடிக்கும். தோள்பட்டை கடற்படை மாதிரி இருக்கும். ஆனால் இந்தியக் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனியாக இயங்கும் படை. இங்கே ஐ.ஜி. என்றால் கடற்படையின் ரியர் அட்மிரல் அந்தஸ்து. தமிழ்நாடு போலீஸில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது. அது மாநிலக் காவல்துறை; அதில் சேரச் சீருடைப் பணியாளர் தேர்வு எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான தேர்வுக்கு ஆறு மாதம் படித்தவர்கள் உண்டு.

ஏணி எங்கிருந்து எதுவரை

இந்தப் படை 1977 பிப்ரவரி 1-ல் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கி, 1978-ல் தனிச் சட்டத்தோடு நிலைபெற்றது. கையில் இருந்தது கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான். கடத்தல் தலைவிரித்தாடிய காலம் அது. 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலமும் அப்போதுதான் நம் கைக்கு வந்திருந்தது. அதைக் காக்கப் போர்க்கப்பல்களை அனுப்புவது கட்டுபடியாகாது என்பதால் பிறந்த படை இது.

நெடுங்காலம் தலைமை இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் கடற்படையின் வைஸ் அட்மிரல்களே உட்கார்ந்தார்கள். சொந்தமாக வளர்த்த பையன்கள் தலைநரைக்கும் வரை காத்திருக்க வேண்டுமல்லவா? 2016-ல் ராஜேந்திர சிங் தலைமை இயக்குநரானார். அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் காவல்படை அதிகாரிகள்தான். அதாவது, இன்று உதவி கமாண்டன்ட்டாக நுழைபவர் உச்சி வரை போக வழி திறந்திருக்கிறது.

படிகள் இவை: உதவி கமாண்டன்ட், துணை கமாண்டன்ட், இளநிலை கமாண்டன்ட், கமாண்டன்ட், டி.ஐ.ஜி., ஐ.ஜி., கூடுதல் தலைமை இயக்குநர், தலைமை இயக்குநர். நாடு முழுவதற்கும் தலைமை இயக்குநர் ஒருவர்தான். ஐ.ஜி.க்களும் கொஞ்சம் பேர்தான்.

ஒரு நடைமுறை உதாரணம் பார்ப்போம். 2019 ஜூன் கடைசியில் தலைமை இயக்குநர் பொறுப்பேற்ற கிருஷ்ணசாமி நடராஜன் படையில் சேர்ந்தது 1984 ஜனவரியில். 35 வருடம்! இடையில் அவர் சிறிய ரோந்துக் கப்பலான சாந்த்பீபி, வேக ரோந்துக் கப்பல் கனகலதா பருவா, பெரிய ரோந்துக் கப்பல் வீரா, அதைவிட நவீனமான சங்ராம் என்று ஒவ்வொரு அளவுக் கப்பலையும் நடத்தியிருக்கிறார். கரையில் மண்டபம் நிலையம், காவல்படைக் கணக்கில் தமிழ்நாட்டைக் கவனிக்கும் 5-ஆம் எண் மாவட்டம், கொச்சி பயிற்சி மையம் ஆகியவற்றின் தலைமை. நடுவில் குன்னூர் பக்கம் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிப்பு. சின்னக் கப்பல், கரை, பெரிய கப்பல், படிப்பு, மறுபடி கரை. இந்தப் படையில் மூத்த அதிகாரி ஒருவரின் வாழ்க்கை கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் போகும்.

யார் விண்ணப்பிக்கலாம்

பொதுப் பணி (ஜெனரல் டூட்டி) பிரிவுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், இரண்டிலும் சேர்த்து 55 சதவீதம் வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப், பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டு பி.காம். முடித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள், டிப்ளமோவில் அந்த இரண்டு பாடங்களும் இருந்ததைக் காட்ட வேண்டும். தொழில்நுட்பப் பிரிவுக்கு பொறியியல் பட்டம் வேண்டும்; இயந்திரவியல், மின்னியல் சார்ந்த படிப்புகள்.

வயது 21 முதல் 25. மத்திய அரசு ஓ.பி.சி.க்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு உண்டு. கணக்கிடும் தேதி, அந்த ஆண்டில் பெண்களுக்கான இடங்கள், கட்டணம் போன்றவை அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும். பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல் அறிவிக்கையைத் தரவிறக்கிப் படியுங்கள். காவல்படையின் ஆட்சேர்ப்புத் தளம் சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி நிறுவனத்தின் இணைய முகவரியில் இயங்குகிறது. விண்ணப்பம் அங்கே மட்டும்தான். "உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் கொடுத்தா முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்கு நாவிக், யாந்த்ரிக் என்ற மாலுமிப் பணிகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒடிசாவில் சில்கா கடற்படைத் தளத்தில் பயிற்சி. அது தனித் தேர்வு. இங்கே அதற்குள் போகவில்லை.

காகிதத்தில் கவிழும் கப்பல்

நம்மூர்ப் பிள்ளைகள் அறிவில் தோற்பதைவிட இனிஷியலில் தோற்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ். கார்த்திக்'. பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அப்பா பெயர் விரிந்து 'கார்த்திக் செல்வராஜ்'. கல்லூரிச் சான்றிதழில் 'கார்த்திக்'கில் ஒரு எழுத்து கூடியிருக்கும். நமக்கு நாலும் ஒரே ஆள். சான்றிதழ் சரிபார்க்கும் மேஜைக்கு அவர்கள் நாலு பேர். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு அப்பா பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். எழுத்துத் தேர்வில் தேறிப் போனவன், அந்த ஒற்றை எழுத்துக்காக உறுதிமொழிப் பத்திரம் எழுத ஓடி அலைந்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேஜையில் வையுங்கள். அதில் உள்ள பெயர், அப்பா, அம்மா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது சுலபம். சான்றிதழை மாற்றுவது நீண்ட வேலை. அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்து சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கி வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தேவை. முதலில் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே மத்திய அரசு வேலைக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள். பழைய தேதிச் சான்றிதழைத் தள்ளிவிடுவார்கள்.

எழுத்துத் தேர்வு

கணினி வழித் தேர்வு. 100 கேள்வி, 400 மதிப்பெண், இரண்டு மணி நேரம். சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். ஆங்கிலம், தர்க்கமும் எண்கணக்கும், அறிவியலும் கணிதமும், பொது அறிவு. வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். பதினொன்று, பன்னிரண்டு இயற்பியல் புத்தகத்தைத் தூசி தட்டினால் மீதியும் வந்துவிடும். இதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. ஆனால் பலரும் ஒன்றரை வருடத்தை இந்த இரண்டு மணி நேரத்துக்கே செலவழித்துவிட்டு, அடுத்த கட்டத்துக்கு வெறும் கையோடு போகிறார்கள்.

படத்தைப் பார்த்துக் கதை சொல்

இரண்டாம் கட்டம் முதல்நிலைத் தேர்வு வாரியம். ஒரு கணினித் திறன் சோதனை முடிந்ததும் திரையில் மங்கலான படம் ஒன்று சில விநாடி தெரியும். கொஞ்சம் பேர் நிற்பது போல இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடச் சரியாகப் புரியாது. அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி, எல்லோருமாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் எதிர்பார்க்கப்படும். இந்தியில் பேசவும் விடுவார்கள். தமிழ் கிடையாது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஊமையாகிவிடுகிறார்கள். சார் சொன்னது: "கதை நல்லா இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்ல. ஒரே நேரத்துல ஏழு பேர் கத்துறப்போ நீ என்ன பண்றேன்னுதான் பார்க்கிறாங்க. நாளைக்குக் கப்பல்லயும் அதுதான் நடக்கும்."

பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த கதை வேண்டாம். எந்தப் படம் காட்டினாலும் வெள்ளம், அதில் தவிக்கும் மக்கள், நண்பர்களைத் திரட்டி மீட்கும் கதாநாயகன் என்று எழுதுபவர்களை அந்த மேஜைக்காரர்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள். நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தினமும் செய்தித்தாள் படம் ஒன்றை வைத்து இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். இலக்கணம் உடைந்தால் உடையட்டும். ஒருவர் பேச்சை வெட்டாமல் நடுவில் நுழைவதும், பேசாமல் இருப்பவரை உள்ளே இழுப்பதும் பழகப் பழகத்தான் வரும்.

இதில் தேறினால் நொய்டாவில் இறுதித் தேர்வு வாரியம், சில நாட்கள். உளவியல் தேர்வு, பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வது, தனி நேர்காணல். உளவியல் தாளில் ஒரு சொல் மின்னி மறையும். மனதில் வந்த வாக்கியத்தை எழுத வேண்டும். நல்லவன் வேடம் போட நேரம் இருக்காது. நேர்காணலில் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்பார்கள். தூத்துக்குடிக்காரர் துறைமுகம் பற்றியும், ராமநாதபுரத்துக்காரர் விசைப்படகு, இரட்டை மடி வலை பற்றியும் தெரியாது என்று சொன்னால் எப்படி? கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது இனாமாகக் கிடைத்த பாடம்.

பிறகு மருத்துவம். கண் பார்வைதான் பெரும்பாலானவர்களைத் தடுக்கும். பொதுப் பணிக்குக் கண்ணாடி இல்லாமலே கிட்டத்தட்ட முழுப் பார்வை வேண்டும்; நிறக்குருடு இருந்தால் முடியாது. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிந்தால்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். படிக்கத் தொடங்கும் முன்பே கண் மருத்துவரிடம் ஒரு முறை போய் வாருங்கள். இரண்டு வருடம் படித்தபிறகு இதில் தெரியவந்தால் மனசு விட்டுப்போகும்.

ஏழிமலை, பிறகு அந்த நடுச்சாமம்

தேர்வானவர்களுக்குக் கண்ணூர் மாவட்டத்தில் ஏழிமலை இந்தியக் கடற்படைக் கழகத்தில் அடிப்படைப் பயிற்சி. சங்கப் பாட்டில் வரும் அதே ஏழில்குன்றம்தான். ஓட்டம், அணிவகுப்பு, நீச்சல். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தியவர்கள் 'நமக்குத் தெரியும்' என்று போய் நீச்சல் குளத்தில் திணறுவார்கள். இப்போதே முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கப்பல். இனிமேல் வருவதுதான் முக்கியம் என்று சார் விரலை நீட்டிச் சொன்னார்.

கப்பலில் நேரம் நாலு மணி நேரத் துண்டுகளாக ஓடும். அதற்கு வாட்ச் என்று பெயர். புதிதாக வந்தவருக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை அடிக்கடி வாய்க்கும். மேல்தளத்தில் கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் விளக்கு எதுவும் இருக்காது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும். ராடார் திரையின் வெளிச்சம் மட்டும். பாக் நீரிணைப் பக்கம் என்றால் ராடாரில் விசைப்படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் மர வள்ளமும் ஃபைபர் படகும் சரியாகத் தெரியாது. அவற்றில் பலவற்றில் விளக்கும் இருக்காது. கப்பல் பக்கத்தில் வந்த பிறகு யாரோ ஒருவர் டார்ச் லைட்டை எடுத்து ஆட்டுவார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து, திசையைக் கணித்து, கப்பலைத் திருப்ப உத்தரவு கொடுக்க வேண்டியவர் வாட்ச் அதிகாரி. கேப்டன் தூங்கிக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் எழுப்பு என்பது கட்டளை. "எழுப்பினா திட்டுவாரோன்னு யோசிக்கிற அந்த அரை நிமிஷம்தான் ஆபத்து," என்றார் சார். "நான் முதல் தடவை எழுப்பினப்போ அவர் வந்து பார்த்துட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, 'அடுத்த தடவையும் எழுப்பு'ன்னு சொல்லிட்டுப் போனார்."

தனியாக வாட்ச் பார்க்கலாம் என்று கேப்டன் எழுதிக் கொடுக்கும் வரை நீங்கள் பயிற்சி அதிகாரிதான். இடையில் வாந்தி வரும். கடல்காரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் வரும். வெறும் வயிற்றோடு இருக்காமல் பிஸ்கெட்டாவது மென்றுகொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தமிழ் தெரிந்த அதிகாரிக்கு இந்தப் பக்கக் கடலில் மதிப்பு அதிகம். வயர்லெஸ்ஸில் மீனவரிடம் அவர் பேச்சிலேயே பேசலாம். அதே சமயம் சங்கடமும் அதிகம். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று சொந்த ஊர்க்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கும். "எங்க தாத்தா காலத்துலருந்து அங்கதானய்யா புடிச்சோம்" என்ற பதிலுக்கு அகாடமியில் விடை சொல்லித்தருவதில்லை.

மண்டபத்தில் பணி கிடைத்தால் ஹோவர்கிராஃப்ட் பார்க்கலாம். பாக் நீரிணை பல இடங்களில் கப்பல் போக முடியாத அளவுக்கு ஆழம் குறைவு. காற்று மெத்தையில் மிதக்கும் இந்த வண்டி, திட்டு, சேறு எல்லாவற்றின் மேலும் ஏறி ஓடும். 2023-ல் மன்னார் வளைகுடாவில் கடத்தல்காரர்கள் தங்கத்தைக் கடலில் வீசிவிட, வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளோடு சேர்ந்து காவல்படையினர் மூழ்கித் தேடினார்கள். அந்த நடவடிக்கையில் பிடிபட்டது மொத்தம் 32 கிலோவுக்கு மேல்.

தோள்பட்டை கனக்கக் கனக்க

ஆரம்பப் பதவி உயர்வுகள் பணிக்காலத்தோடு வரும். மேலே போகப் போகத் தேர்வுக் குழு முடிவு செய்யும். அப்போது அவர்கள் பார்ப்பது எந்தக் கப்பலை நடத்தினீர்கள், எப்படி நடத்தினீர்கள் என்பதை. ஆகவே கரையில் சொகுசான மேஜை வேலைக்கு ஆள் பிடித்து ஒதுங்குபவர்கள் பின்னாளில் வருத்தப்படுவார்கள். நடுவில் வழிசெலுத்தல், பீரங்கி, விமானம் ஓட்டுதல் என்று ஏதாவது ஒரு துறையில் தனித்தேர்ச்சியும் எடுக்க வேண்டும். 2023-ல் தலைமை இயக்குநரான ராகேஷ் பால், பீரங்கித் துறையில் தேர்ந்தவர். அவர் 2024 ஆகஸ்ட் 18-ல் சென்னைக்குப் பணி நிமித்தம் வந்த இடத்தில், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார்.

ஐ.ஜி. ஆனபிறகு கடலில் இருக்கும் நாட்கள் குறைந்துவிடும். சென்னையில் கிழக்கு மண்டலத் தலைமையகம் இருக்கிறது. மண்டலத் தளபதிக்கு ஆயுதம் பெரும்பாலும் தொலைபேசிதான். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் தார் போல அப்பியதை மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அள்ளியது நினைவிருக்கும். கடலில் எண்ணெய் கொட்டினால் நாட்டளவில் ஒருங்கிணைக்க வேண்டிய அமைப்பு காவல்படைதான். துறைமுகம், மாவட்ட நிர்வாகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கப்பல் நிறுவனம், கோபத்தில் இருக்கும் மீனவர், கேமராவோடு நிற்கும் நிருபர் என எல்லோரிடமும் ஒரே நாளில் பேசியாக வேண்டும். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் நியூ டைமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தபோது அதில் இருந்தது சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய். நம் காவல்படைக் கப்பல்களும் போய், இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து நாட்கணக்கில் தண்ணீர் அடித்து அணைத்தன. எந்தக் கப்பலை எங்கிருந்து எடுத்து அனுப்புவது, அது விட்டுப்போகும் இடத்தை யார் பார்ப்பது, எண்ணெய் கசிந்தால் எந்தக் கரைக்கு வரும்? நடுச்சாம வாட்ச்சில் பழகிய அதே கணக்கு, அளவு மட்டும் பெரிது.

சம்பளம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதன்மேல் பஞ்சப்படியும் மற்ற படிகளும். ஐ.ஜி. நிலையில் அடிப்படை 1,44,200-ல் தொடங்கும். குடியிருப்பு, மருத்துவம், கேன்டீன் உண்டு. கமாண்டன்ட் வரை 57 வயதிலும், டி.ஐ.ஜி. முதல் 60 வயதிலும் ஓய்வு என்பது நெடுங்காலம் இருந்த விதி.

வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர் மாறும். பிள்ளைகள் பள்ளி மாறுவார்கள். உயிருக்கும் ஆபத்து உண்டு. 2015 ஜூன் 8-ல் சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் பறந்த டார்னியர் விமானம் மூன்று பேரோடு கடலில் விழுந்தது. தேடி எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே, கப்பலில் காயமடைந்த ஊழியரை மீட்கப் போன ஹெலிகாப்டரும் கடலில் விழுந்தது.

இதெல்லாம் சொன்னபிறகு அக்கா மகன் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் இ-சேவை மையத்திலிருந்து போன் பண்ணினான். "மாமா, ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கு, பத்தாம் வகுப்புல பின்னாடி இருக்கு. எதை மாத்தணும்னு சொன்னீங்க?"